பக்கத்து இருக்கையில் இருந்தவள் எழுதுவது

என் பிள்ளைக்கு,

இதை நீ கையில் எடுக்கும்போது, கோயில் மலர்ப் புத்தகம் வாங்கிய எல்லா வீடுகளிலும் இது வாசிக்கப்பட்டிருக்கும். எனக்குக் காட்டாமல் ஊருக்குக் காட்டிவிட்டாரே அம்மா என்று நினைப்பாய். யோசித்துத்தான் செய்தேன். தனியாக எழுதித் தந்தால் நீ வாசித்து, மடித்து, "பரவாயில்லையம்மா" என்று சொல்லி என்னைத் தேற்றி அனுப்பிவிடுவாய். உன் குணம் அது. உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்யைக் கோயில் மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர் கேட்டார்கள். அவர்கள் இன்னும் எத்தனை பேருக்குச் சொன்னார்களோ தெரியாது. அத்தனை பேருக்கும் போய்ச் சேரவேண்டிய கடிதம் இது. உன் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. ஆனால் இந்த நோர்வே நகரத்தில், வெஸ்ட்லியிலிருந்து குரோருட் வரைக்கும் நம் சனம் இருக்கும் வீடுகளில், இது யாருடைய கதை என்று ஒருவரும் ஒருவரைக் கேட்க வேண்டியிராது.

மலர்க் குழுவில் இருக்கும் தம்பியிடம் இதைக் கொடுத்தபோது அவர் முதல் பக்கத்தை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, விரதத்தைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ எண்டுதானே நான் கேட்டனான்," என்றார். "அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறன் தம்பி," என்றேன். "இதைப் போட்டால் சனம் சிரிக்கும்." "நாலு வருசமா என்ரை பிள்ளையைப் பாத்துச் சிரிச்சவை. இனிக் கொஞ்சக் காலம் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்." ஒரு சொல்லும் மாற்றமாட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் எழும்பி வந்தேன்.

என்னை எழுத வைத்தது மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. பியோர்ண்டாலில் சிநேகிதியோடு நீ இருக்கும் அறையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாய். சோற்றைப் பிசைந்துகொண்டே, பெரிய விடயம் ஒன்றுமில்லாதது போலச் சொன்னாய். "வடக்கிலை அந்த ஊர்ச் சபையிலை, கொம்யூனிலை, எனக்கு வேலை தாறம் எண்டு எழுதியிருக்கினம். வீடு வீடாப் போய் வயசான ஆக்களைப் பாக்கிற நேர்ஸ் வேலை. படிப்பு முடிஞ்ச கையோடை ஆனியிலை தொடங்கலாம். ஆனால் லைசன்ஸ் கட்டாயமாம். ஜனவரி முடியிறதுக்குள்ளை பதில் கேக்கினம். வேண்டாம் எண்டு எழுதப் போறன்." முதலாம் வருடப் பயிற்சிக்கு அதே ஊருக்குப் போய் வந்து, அந்தக் கடலைப் பற்றியும், நீ கதவைத் தட்டுமுன்னமே கோப்பி ஊற்றி வைத்திருக்கும் கிழவிகளைப் பற்றியும் ஒரு மாதம் ஓயாமல் கதைத்தவள் நீ. உன் அப்பா, "அந்தக் குளிருக்குள்ளை உனக்கு என்ன வேலை, விடு," என்றார். நான் விடவில்லை. "லைசன்ஸ் எடுக்கலாம்தானே. ஏழு மாசம் கிடக்கு," என்றேன். நீ சிரித்தாய். "அம்மா, நான் கவனமில்லாத ஆள். சூரன் போருக்குப் போன சூரன் நான், மறந்துபோனியளே? ஆரையும் அடிச்சுப் போட்டு நான் நேர்ஸ் எண்டு சொல்லிக்கொண்டு நிக்கேலாது."

அப்பா தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனார். நான் குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு நீ என்னட்டைக் கேட்டனியெல்லே," என்றேன்.

"என்னத்தைக் கேட்டனான்?"

"வலப்பக்கத்தாலை வாகனம் வருதோ எண்டு."

நீ நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தாய். "நானோ? இல்லையம்மா. நான் கேக்கேல்லை. கேட்டிருந்தால் நீங்கள் பாத்துச் சொல்லியிருப்பியள்தானே."

அப்பா தண்ணீரோடு வந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். நீ ரீபானா ரெயின் பிடிக்கப் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நான் சொன்ன பொய்யை நீ இத்தனை காலமும் பொறுத்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை, நீ அதை நம்பிவிட்டாய். எல்லோரும் ஒன்றையே சொல்லச் சொல்ல, நடந்தது உன்னை விட்டே போய்விட்டது. அன்று நீ கேட்டதை அறிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். நானும் சொல்லாமல் போனால் நீ கேட்கவே இல்லை என்றாகிவிடும். அதற்கு இனி இடம் கொடுக்கப் போவதில்லை.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். நீ பழகத் தொடங்கிய வருடம்தான் புதிய முறை வந்தது. உனக்குத் தெரிந்ததுதான், என்றாலும் இதை வாசிக்கும் மற்றத் தாய்மாருக்காகச் சொல்லிவிட்டுப் போகிறேன். இந்த நாட்டில் லைசன்ஸ் ஒரே நாளில் கைக்கு வருவதல்ல. நாலு படி ஏறவேண்டும். முதற்படி வகுப்பறையில்: வீதி, சட்டம், முதலுதவி, இருட்டில் ஓடும்போது கண்ணுக்கு எது தெரியும் எது தெரியாது என்பது. அது முடிந்து, பதினாறு வயதும் ஆகிவிட்டால், வீட்டாரோடு ஓடிப் பழகலாம். அதற்குப் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருக்கவேண்டும். அவருக்கு இருபத்தைந்து வயது தாண்டியிருக்க வேண்டும், லைசன்ஸ் எடுத்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். காரின் பின்னால் வெள்ளை அட்டையில் சிவப்பு எல் எழுத்து ஒட்டவேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கென்று தனியாக ஒரு சின்னக் கண்ணாடியும் பூட்டவேண்டும். இரண்டாம் படியும் மூன்றாம் படியும் முடியும் இடத்தில் ஆசிரியர் ஒருவர் கூட இருந்து பார்த்து, அடுத்ததுக்குப் போகலாமா என்று உன்னோடு கதைப்பார். நாலாம் படி நீண்ட பாதை ஓட்டம். பிறகுதான் சோதனை. சோதனையில் தேறினாலும் முதல் இரண்டு வருடம் தற்காலிக லைசன்ஸ்தான். யாரையும் நம்பி ஒரேயடியாகத் தூக்கிக் கொடுத்துவிடாத முறை இது. எனக்கு இது பிடிக்கும். பிள்ளைக்கு இத்தனை படி வைத்தவர்கள் பக்கத்தில் இருக்கும் தாய்க்கும் இரண்டு படி வைத்திருக்கலாம் என்பது மட்டும்தான் என் குறை.

அப்பா பஸ் ஓடுகிறவர், வேலை நேரம் நாளுக்கு நாள் மாறும். அதனால் பக்கத்து இருக்கை எனக்கு வந்தது. எனக்கு அதில் பெருமையும் இருந்தது. நான் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு நின்றவள். இந்த நாட்டுக்கு வந்து, உன்னைப் பாலர் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வீதிச் சட்டப் புத்தகத்தையும் அகராதியையும் குசினி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொல்லுச் சொல்லாகத் தமிழில் எழுதிப் படித்தேன். அப்பா பார்த்துவிட்டு, "இஞ்சரும், உம்மை ஆர் டிறைவர் வேலைக்குக் கூப்பிட்டது?" என்றார். முதல் எழுத்துச் சோதனையில் விழுந்தேன். முதல் ஓட்டத்தில் ஊர்ப் பழக்கதோஷத்தில், வலப்பக்கம் ஓடவேண்டிய வீதியில் இடப்பக்கத்தில் எடுத்துவிட்டேன், பக்கத்தில் இருந்த ஆசிரியர் சாகாத குறை. இரண்டாம் தரம் எல்லாம் தேறினேன். ஆகவே உனக்குப் பழக்க என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று நினைத்தேன். உன் ஓட்டங்களை எழுத ஒரு கொப்பி போட்டேன். எந்த நாள், எவ்வளவு தூரம், மழையா பனியா, எங்கே தடுமாறினாய், எங்கே நன்றாகச் செய்தாய் என்று முப்பத்தெட்டு ஓட்டம் எழுதியிருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் அதை எடுத்து முழுதும் வாசித்தேன். பதினான்காவது ஓட்டத்தில், நான் காணாத ஒரு கிழவரைக் கடவைக்கு இருபது மீற்றர் முன்னமே கண்டு நீ நிறுத்தியிருக்கிறாய். இருபத்தாறாவதில், "அம்மா, நீங்கள் கதைக்கிறதை நிப்பாட்டுங்கோ, இந்தச் சந்தி முடியட்டும்," என்று சொல்லியிருக்கிறாய். அதை அன்று கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதியிருக்கிறேன், எழுத்து அழுத்தமாக இருக்கிறது. முப்பத்தேழு ஓட்டத்திலும் கவனக்குறைவு என்று ஒரு சொல் இல்லை. அந்தச் சொல் முப்பத்தெட்டாவதில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் பொய்.

முப்பத்தெட்டாவது ஓட்டம் கந்தசஷ்டி ஆறாம் நாள், கோயிலில் சூரன் போர் நாள். ஐந்து நாளும் பாலும் பழமும் மட்டும். ஆறாம் நாள் தண்ணீரும் இல்லை. காலையில் அப்பா வேலைக்கு வெளிக்கிடும்போது சொன்னார், "வாய் காஞ்சு போய் இருக்கிறீர். இண்டைக்கு அவளைக் கார் ஓட விடாதையும். ரீபானாவிலை போங்கோ, நான் வேலை முடிஞ்சு நேரே கோயிலுக்கு வாறன்." நான் தலையாட்டினேன். பின்னேரம் இரண்டரைக்கு நீ பாவாடை தாவணியோடு வந்து, "அம்மா, ரெண்டு கிழமையிலை ஆசிரியரோடை அந்த மணித்தியாலம் இருக்கு. இண்டைக்கு விட்டால் பிறகு சனிக்கிழமைதான்," என்றாய். இரண்டாம் படியின் கடைசி மணித்தியாலம் அது. எனக்கும் ரெயினில் நின்றுகொண்டு போகத் தெம்பில்லை. சாவியைக் கொடுத்தேன். நான் அன்று ஆறெழுத்து மந்திரத்தை ஆயிரத்தெட்டுத் தரம் சொல்லி முடிப்பதாக நேர்ந்திருந்தேன். இன்னும் முடியவில்லை. பத்து நிமிட ஓட்டம்தானே, காரில் இருந்து முடிப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் கோட்டில் எண்ணத் தொடங்கினேன்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அடுக்குமாடிகளுக்குக் கீழே, அறிவிப்புப் பலகை ஏதுமில்லாத சின்னச் சந்தி. அப்படியான சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். வலப்பக்க மூலையில் வீட்டுச் சாமான் ஏற்றும் பெரிய லொறி ஒன்று நின்றது. நீ காரை நிறுத்தினாய். முழுதாக நிறுத்தினாய். "அம்மா, லொறி மறைக்குது. எனக்கு வலப்பக்கம் தெரியேல்லை. உங்கடை பக்கத்தாலை எட்டிப் பாருங்கோ, வாகனம் ஏதும் வருதோ?" என்று கேட்டாய். உன் சொற்கள் இவைதான். ஒன்றும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நான் எழுநூற்றுச் சொச்சத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். பெருவிரலை மோதிர விரலின் நடுக்கோட்டில் அழுத்திப் பிடித்தபடி, கண்ணைத் திறக்காமல், "ஒருத்தரும் இல்லை, போ," என்றேன்.

நீ மெல்லத்தான் எடுத்தாய். அதனால்தான் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சிவப்புக் கார் ஒன்று என் பக்கத்துச் சில்லுக்கு மேலே வந்து இடித்தது. அந்தக் காரின் பின் இருக்கையில் ஒரு கைக்குழந்தை. அது வீரிட்டு அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் பெருவிரல் அப்போதும் அந்தக் கோட்டிலேயே இருந்தது. நீயோ இயந்திரத்தை நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பின்பெட்டியிலிருந்து எச்சரிக்கை முக்கோணப் பலகையை எடுத்துக்கொண்டுபோய் வீதியில் வைத்துவிட்டு, சிவப்புக் காரை ஓட்டி வந்த பெண்ணிடம் ஓடிப்போய்க் குழந்தைக்கு ஏதுமா என்று கேட்டாய். வகுப்பில் சொல்லித் தந்த ஒழுங்கு ஒன்றையும் நீ விடவில்லை. குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. விபத்துப் படிவத்தை நிரப்பும்போது சாரதி என்ற இடத்தில் நீ உன் பெயரை எழுதப் போனாய். அந்தப் பெண் சட்டம் தெரிந்தவள். "நீ இல்லை. பழகும்போது பக்கத்தில் இருப்பவர்தான் சாரதி என்று சட்டம். உன் அம்மா எழுதவேண்டும்," என்றாள். நான் எழுதிக் கையெழுத்து வைத்தேன். சட்டத்துக்கு முன் உண்மையைச் சொன்னவள் அரை மணித்தியாலத்தில் சாமிக்கு முன் பொய் சொன்னேன்.

காரை நான் ஓட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தேன். நீ பக்கத்தில் இருந்தாய். என்னைக் குறை சொல்லவில்லை. நான் அப்பாவிடம் சொல்வேன் என்று நினைத்திருப்பாய். மண்டபத்தில் செருப்பைக் கழற்றுமுன்னமே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஏன் பிந்தினனீங்கள்? முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு." அப்போதுதான் வேலை உடுப்போடு அப்பா வாசலில் வந்து நின்றார். நான் அவரைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அடுத்த வசனம் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். உம்மடை விரதம் பிள்ளையைக் கொல்லப் பாத்தது என்பார். அத்தனை பேருக்கும் முன்னால், அந்த நாளில், முருகனுக்கு அந்தச் சொல் வரக்கூடாது என்று நினைத்தேன். அது முருகனுக்காகவா எனக்காகவா என்று இப்போது கேட்டால், எனக்காகத்தான். "இவள் வலப்பக்கம் பாராமல் எடுத்துப்போட்டாள். முருகன்தான் இண்டைக்கு வேலை ஊண்டி மறிச்சவன்," என்றேன்.

"ஐயோ முருகா, அற்புதமெல்லே," என்றார் ஒருவர். இன்னொருவர் உன் தாடையைப் பிடித்து, "கண்ணை எங்கை வச்சுக்கொண்டு ஓடினனீ பிள்ளை? போனிலையோ?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். என் உதடு வெடித்திருந்தது. அதைக் கண்டுதான் இரங்கினாயோ தெரியாது. "பாக்கேல்லை அன்ரி," என்றாய். அப்பா கிட்ட வந்து மெதுவான குரலில், "இனி உனக்கு லைசன்சும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்," என்றார். பின்னால் நின்ற பெடியன்கள், "சூரன் போருக்குச் சூரன் காரிலை வந்திட்டான்," என்று சிரித்தார்கள். அந்தப் பெயர் தமிழ் வகுப்பு வரைக்கும் போனது. நானோ அந்த அற்புதக் கதையை அந்த வருடம் முழுதும் சொல்லித் திரிந்தேன். ஒவ்வொரு தரமும் கார் கொஞ்சம் வேகமாக வந்தது, முருகன் கொஞ்சம் கிட்ட வந்தார், நீ கொஞ்சம் கூடுதலாகக் கவனமில்லாதவள் ஆனாய். விளங்குகிறதா பிள்ளை? சாமியின் பெருமை கூடக் கூட உன் பெயர்தான் குறைந்துகொண்டு வந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது உனக்குத் தெரியாது. ஓட்டப் பள்ளிக்குப் போன் எடுத்து அந்த மணித்தியாலத்தை நிறுத்தியவள் நான். "ஏன்?" என்று ஆசிரியர் கேட்டார். "அவளுக்கு விருப்பமில்லை," என்றேன். உன்னிடம், அவர்களே நிறுத்திவிட்டார்கள் போல என்றேன். நீ அவரோடு ஒரு மணித்தியாலம் ஓடியிருந்தால் அவர் உன் ஓட்டத்தைப் பார்த்திருப்பார், என்ன நடந்தது என்று கேட்டிருப்பார், எல்லாம் அன்றே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். அதற்குத்தான் பயந்தேன். மூன்றாம் படியின் வாசலில் உன்னை நிறுத்திவைத்து நாலு வருடம் ஆகிறது. உன்னோடு படித்தவர்கள் எல்லோரும் லைசன்ஸ் எடுத்தார்கள். நீ காலை ஐந்து மணிக்குப் பஸ்ஸுக்கு நின்று பயிற்சிக்குப் போனாய். சிநேகிதிகளின் காரில் எப்போதும் பின் இருக்கை. போன வருடம் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய், ஒவ்வொரு மருந்தையும் மூன்று தரம் சரிபார்ப்பதால் ஆஸ்பத்திரியில் உன்னை "மூண்டு தரம்" என்று கூப்பிடுகிறார்களாம். அதைக் கேட்டுச் சிரித்த நான் எப்படிப்பட்டவள் என்று இப்போது யோசிக்கிறேன். உலகத்தில் எல்லா இடத்திலும் கவனமான பிள்ளையாக இருந்துகொண்டு, தன்னைக் கவனமில்லாதவள் என்று நம்புவதற்கு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

நீ வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். அவர் சேட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் மறைக்காமல், கண்ணை மூடியிருந்தது தொடக்கம் போன் எடுத்தது வரைக்கும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஊசியைத் துணியில் குத்திவைத்தார். "பிள்ளை நிப்பாட்டிக் கேட்டவளோ?" என்றார். "ஓம்." "முழுசா நிப்பாட்டினவளோ?" "ஓம்." பொத்தானை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார், "முப்பது பேரை ஏத்திக்கொண்டு பஸ் ஓடுறவன் நான். வீட்டிலை ஒரு டிறைவர் இருந்தது எனக்குத் தெரியேல்லை." பிறகு, "நான் போய் அவளிட்டைக் கதைக்கட்டோ?" என்றார். "நான் பிழை விட்டனான். நான்தான் முதல் கதைக்கவேணும்," என்றேன். "அப்ப கெதியாச் சொல்லும். ஜனவரி வருது," என்றார். அதற்கு மேல் இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. அது எனக்கு உரியது, வாங்கிக்கொண்டேன்.

நான் சாமியை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். விரதம் இனியும் பிடிப்பேன். ஆனால் விரத நாளில் ஸ்ரியரிங் பக்கமும் இருக்கமாட்டேன், பக்கத்து இருக்கையிலும் இருக்கமாட்டேன். அந்த இருக்கையில் இருக்கிறவளுக்குக் கண் திறந்திருப்பதுதான் விரதம். பழகுகிற பிள்ளை கேட்டால் பார்த்துச் சொல்வதற்கென்றே வைத்த இருக்கை அது. சாரதி தன் கண்ணால் பாராமல் எடுக்கக்கூடாது என்று ஆசிரியர் உனக்குச் சொல்வார். சரிதான். இனி அப்படியே செய். தெரியாவிட்டால் அங்குலம் அங்குலமாக மூக்கை நீட்டிப் பார், பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும், அம்மா சொன்னாலும் கேளாதே. ஆனால் அன்று நீ கேட்டதும் பிழையில்லை. தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு நிறுத்திக் கேட்டாய். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அது வராது. எனக்கு நாலு வருடமாக வரவில்லை. பிழை விட்டால் அன்றைக்கே சொல்லிவிடு, பிள்ளை. அன்று சொல்லியிருந்தால் நெளிந்த தகரத்தோடு போயிருக்கும். அடுத்த நாள் சொல்லியிருந்தாலும் அப்பா ஒரு மாதம் ஏசியிருப்பார், அவ்வளவுதான்.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். ஓட்டப் பள்ளிக்குப் போன வாரம் நேரே போனேன். அந்த ஆசிரியர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், தலைதான் நரைத்துவிட்டது. அவருக்கும் உண்மையைச் சொன்னேன். நோர்வேஜிய மொழியில் சொல்வதற்கு முதல் நாளே எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போனேன். முதற்படி வகுப்பு செல்லும், திரும்பச் செய்யத் தேவையில்லை என்றார். பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு மணி உன் பெயருக்குப் போட்டிருக்கிறது, இரண்டாம் படியின் அந்த மணித்தியாலம். பனி இருக்கும்போதே வழுக்கு ஓட்டம் பழகலாம், சித்திரையில் நீண்ட பாதை, வைகாசியில் சோதனை. விழுந்தால் ஆனிக்குள் இன்னொரு தரம் எழும்பலாம், நானும் விழுந்து எழும்பினவள்தான். கணக்குப் பார்த்துவிட்டேன், நேரம் காணும். வடக்குக்கு ஓம் என்று எழுது. பயத்தோடு எழுது, பரவாயில்லை.

சனி ஞாயிறு பழகுவதற்குப் பக்கத்தில் யார் இருப்பது என்பதை நீதான் சொல்லவேண்டும். அப்பா இருக்கிறேன் என்கிறார், வேலை நேரத்தையும் மாற்றிக் கேட்டுவிட்டார். நான் இருப்பது உனக்கு விருப்பமில்லை என்றால் நான் கோபிக்க எனக்கு உரிமையில்லை. நான் வேண்டும் என்றால் வாய் திறக்காமல், கண் மூடாமல், நீ கேட்டதற்கு மட்டும் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டு இருப்பேன். என் மேல் கோபம் வரும். வரட்டும். என்னோடு ஒரு மாதம் கதையாமல் இரு, ஒரு வருடம் கதையாமல் இரு, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் போ. மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் எங்கும் நான் எழுதவில்லை, கவனித்திருப்பாய். அதைக் கேட்டால் நீ உடனே தந்துவிடுவாய், தந்துவிட்டுப் பழையபடி பஸ்ஸுக்குப் போய் நிற்பாய். எனக்கு அது வேண்டாம்.

எனக்கு வேண்டியது வேறொன்று. கவனமில்லாதவள் என்ற பெயரை நாலு வருடமாக நீ சுமந்துகொண்டு திரிகிறாய். அது உன்னுடையதல்ல. படிவத்தில் கையெழுத்து வைத்த நாளிலிருந்து அது என்னுடையது. அதை என்னிடம் தந்துவிட்டு ஓட்டுகிற இருக்கையில் ஏறு.

அம்மா